விரல தட்டி மூளை ஆராய்ச்சி கத்துக்கலாம்: எஃப்நிர்ஸ் ஆரம்பிக்கிறவங்களுக்கு, காரைக்குடியில இருந்து

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் காலேஜ்ல பிசிக்ஸ், சைக்காலஜி, பயோமெடிக்கல்னு படிக்கிற பசங்க எஃப்நிர்ஸ், அதாவது தலைக்குள்ள ஒளிய விட்டு மூளையில ரத்தம் மாறுறத பாக்குற முறை, அத கத்துக்கணும்னு வரும்போதே கையில ஒரு தலைப்போட வர்றாங்க. தியானம் பண்ணா மூளையில என்ன ஆகும், பரீட்சை பயம் எங்க தெரியும், செல்போன் பாக்குற புள்ளைக்கு என்ன மாறுது, இப்படி. எல்லாமே நல்ல கேள்விதான், ஆனா என் பதில் எப்பவும் ஒன்னுதான், மொதல்ல விரல தட்டுங்க. கட்டைவிரலால மத்த நாலு விரலையும் ஒன்னொன்னா தொட்டு தொட்டு எடுக்குறது, அம்புட்டுதான் வேலை. இது சின்னப்புள்ள வெளையாட்டு மாதிரி தெரியுதுன்னு யாரும் தாண்டி போயிராதீங்க, ஏன்னா மூளை ஆராய்ச்சியில விடை முன்னாடியே தெரிஞ்ச கேள்வி ரொம்ப கம்மி, இது அதுல ஒன்னு.

வலது கைய அசைச்சா இடது பக்க மூளையில, இடது கைய அசைச்சா வலது பக்க மூளையில, தலை உச்சியில இருந்து காதுக்கு எறங்குற வழியில ஒரு குறிப்பிட்ட எடத்துல வேலை நடக்கும். மூளை ஆபரேஷன் டாக்டருங்க பென்ஃபீல்டும் போல்ட்ரேயும் 1937லயே, ஆபரேஷன் நடக்கும்போது மூளை மேல லேசா கரண்ட் வச்சு, எந்த எடத்த தொட்டா ஒடம்புல எது அசையுதுன்னு பாத்து வரைபடம் போட்டுட்டாங்க. 1992ல எஃப்எம்ஆர்ஐ, அதாவது காந்த ஸ்கேன் வழியா மூளை வேலைய பாக்குற முறை, புதுசா வந்தப்ப அதையும் விரல் அசைவ வச்சு சோதிச்சு பாத்தாங்க. அதனால நீங்க சென்சார் வச்ச ஒரு கேப்ப தலையில மாட்டி, டேட்டா எடுத்து, கணக்கு போட்டு, கடைசியில வலது கைக்கு இடது பக்கம் சிக்னல் வரலேன்னா மூளை தப்பு பண்ணல, உங்க வழியில எங்கயோ ஒரு எடத்துல கோளாறுன்னு உறுதியா சொல்லலாம். தியானத்துல அப்படி சொல்ல முடியுமா? அங்க என்ன படம் வந்தாலும் அதுக்கு ஒரு கதை சொல்லிரலாம், அதுதான் ஆபத்து.

மொதல்ல எஃப்நிர்ஸ்னா என்னன்னு நாலு வரியில சொல்லிர்றேன். அகச்சிவப்புக்கு பக்கத்துல இருக்குற ஒளி, அதாவது சுமார் 650ல இருந்து 900 நானோமீட்டர் வரைக்கும் உள்ளது, ஒடம்பு சதையில ஓரளவு உள்ள போகும், தண்ணியும் ரத்தமும் அந்த அலைநீளத்துல ஒளிய கம்மியாதான் முழுங்குது. இருட்டு ரூம்ல போன் டார்ச்ச உள்ளங்கைக்கு கீழ வச்சு பாருங்க, கை சிவப்பா ஒளிரும், அதே விஷயம்தான். 1977ல ட்யூக் யூனிவர்சிட்டியில இருந்த ஃபிரான்ஸ் யோப்சிஸ் இந்த ஒளிய மண்டையோட்டுக்குள்ள அனுப்பி, மூளையில ஆக்சிஜன் மாறுறத வெளிய இருந்தே கண்டுக்கலாம்னு காட்டுனார். 1993 வாக்குல அத வச்சு மூளை வேலை செய்யும்போது வர்ற மாற்றத்தையும் பாக்க ஆரம்பிச்சாங்க. தலையில ஒரு எடத்துல ஒளி விடுற சோர்ஸ், 3 சென்டிமீட்டர் தள்ளி ஒளிய வாங்குற டிடெக்டர், இது ஒரு ஜோடி, இத சேனல்னு சொல்லுவோம். உள்ள போன ஒளி செதறி செதறி ஒரு வாழைப்பழ வடிவத்துல வளைஞ்சு வெளிய வரும், அந்த வளைவோட அடிப்பகுதி மூளையோட மேல்தோல் மாதிரி இருக்குற கார்டெக்ஸ தொட்டுட்டு வரும். அதுக்கு கீழ ஆழமா இருக்குறது எதுவும் தெரியாது. சிறுமூளை, நடுவுல இருக்குற கட்டமைப்புகள்னு ஆசைப்பட்டு இந்த மெஷின்கிட்ட வராதீங்க.

மூளை செல் வேலை செஞ்சா அந்த எடத்துக்கு ரத்தம் ஓடி வரும், அதுவும் தேவைக்கு மேலயே வரும். அதனால ஆக்சிஜன் ஏத்தின ஹீமோகுளோபின் கூடும், ஆக்சிஜன் எறக்கிட்ட ஹீமோகுளோபின் குறையும். ரெண்டும் எதிர் எதிர் திசையில போறதுதான் நமக்கு வேணும், இத மண்டையில நல்லா ஏத்திக்கங்க, பின்னாடி இதே வச்சுதான் உண்மையான சிக்னலையும் போலியையும் பிரிக்க போறோம். இன்னொன்னு, இது மெதுவா நடக்குற காரியம், விரல் தட்ட ஆரம்பிச்சு ஒரு 5ல இருந்து 7 செகண்ட் கழிச்சுதான் உச்சத்துக்கு வரும், நிறுத்தின பெறகு பழைய நெலைக்கு வர இன்னும் பத்து பதினஞ்சு செகண்ட் எடுக்கும்.

ரெண்டு ஹீமோகுளோபினும் எப்படி தனித்தனியா தெரியும்னு கேப்பீங்க. சுமார் 800 நானோமீட்டர்ல ரெண்டும் ஒளிய ஒரே அளவு முழுங்கும், அதுக்கு இந்தப்பக்கம் ஒரு அலைநீளம், அந்தப்பக்கம் ஒரு அலைநீளம் எடுத்துக்கணும், பெரும்பாலான மெஷின்ல 760ம் 850ம் இருக்கும். 760ல ஆக்சிஜன் இல்லாதது அதிகமா முழுங்கும், 850ல ஆக்சிஜன் உள்ளது அதிகமா முழுங்கும். தெரியாத எண் ரெண்டு, சமன்பாடு ரெண்டு, பத்தாங்கிளாஸ் கணக்குதான். இத மாத்தியமைச்ச பியர்-லாம்பர்ட் விதின்னு சொல்லுவாங்க, மாத்தியமைச்சதுன்னு ஏன் சொல்றாங்கன்னா ஒளி நேர்கோட்டுல போறதில்ல, பெரியவங்க தலையில 3 சென்டிமீட்டர் தூரத்தை கடக்க அது கிட்டத்தட்ட ஆறு மடங்கு பாதை சுத்தி வருது, அந்த ஆறுங்குற எண் ஆளோட வயசுக்கும் அலைநீளத்துக்கும் தகுந்த மாதிரி மாறும்.

மெஷின் இல்லையேன்னு நிறுத்தாதீங்க

இந்த மெஷின் பல லட்சம் ரூபா, நம்ம பக்கம் எல்லா காலேஜ்லயும் கெடைக்காது, அதுக்காக உக்காந்துரக்கூடாது. ரெண்டு வழி சொல்றேன், ரெண்டையும் சேத்தே பண்ணுங்க.

ஒன்னு, எலக்ட்ரானிக்ஸ் கடையிலயோ ஆன்லைன்லயோ மேக்ஸ்30102னு ஒரு சின்ன சென்சார் கெடைக்கும், சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் ரெண்டும் அதுலயே இருக்கு, ஆர்டினோங்குற சின்ன கம்ப்யூட்டர் போர்டுல மாட்டி விரல மேல வச்சா உங்க இதயத்துடிப்பு அலை அலையா ஸ்க்ரீன்ல ஓடும். கோவிட் நேரத்துல வீட்டுக்கு வீடு வாங்குன ஆக்சிமீட்டர் இருக்குல்ல, அதோட உள்வேலையும் இதேதான். இதுல நீங்க பாக்க வேண்டியது துடிப்பு எண்ணிக்கை இல்ல. விரல அழுத்தி பாருங்க, ரத்தம் நசுங்கி அலை செத்து போகும். லேசா அசைச்சு பாருங்க, துடிப்ப விட ரொம்ப பெரிய முள்ளு எகிறும். மூச்ச நல்லா இழுத்து விடுங்க, அலையோட அடித்தளமே மேலயும் கீழயும் போகும். எஃப்நிர்ஸ்ல நீங்க போராட போற அத்தனை எதிரியும் இந்த விரல் நுனியிலயே அறிமுகமாயிரும்.

ரெண்டாவது, எம்என்இ-நிர்ஸ்னு பைத்தான்ல ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அதோட சேத்து விரல் தட்டுற டேட்டாவும் எல்லாருக்கும் பொதுவா குடுத்திருக்காங்க. அஞ்சு பேரோட பதிவு, இடது கை தட்டுறது, வலது கை தட்டுறது, ஒன்னும் செய்யாம இருக்குறதுன்னு மூணு நெலை, ஒவ்வொன்னும் 5 செகண்ட், ஒவ்வொன்னும் 30 தடவை. நல்ல லேப்டாப் இல்லேன்னா பிரவுசர்லயே பைத்தான் ஓட்டுற கூகுள் கோலாப்ல போட்டு ஓட்டலாம். மேட்லேப் இருக்குறவங்க ஹோமர்3 பாருங்க, அதுவும் இலவசம்தான், ஆனா மேட்லேப்புக்கு லைசென்ஸ் வேணும்குறதால நான் பைத்தான் பக்கம்தான் தள்ளி விடுவேன். டுடோரியல ரன் பண்ணி கடைசி படம் வந்ததும் முடிச்சுட்டேன்னு எந்திரிக்காதீங்க. ஒவ்வொரு படியிலயும் நிறுத்தி ஒரே ஒரு சேனல மட்டும் ஸ்க்ரீன் முழுக்க பெருசாக்கி பாருங்க. செகண்டுக்கு ஒரு தடவைக்கு கொஞ்சம் மேல எகிறுற சின்ன சின்ன அலை இதயம், மூணு நாலு செகண்டுக்கு ஒரு தடவை வர்றது மூச்சு, பத்து செகண்டுக்கு ஒரு தடவை மெதுவா ஏறி எறங்குறது ரத்த அழுத்தத்தோட அலை, இதுக்கு மேயர் அலைன்னு பேரு. இந்த மூணையும் கண்ணால பிரிக்க தெரிஞ்ச பெறகு வேண்டாத அலைய வெட்டுற ஃபில்டர் போடுங்க. கண்ணுக்கு பழகாம ஃபில்டர் போட்டா எத வெட்டினோம்னே தெரியாது.

ஒரு டெஸ்ட் சொல்றேன், லேபிள மாத்தி பாருங்க. இடதுன்னு இருக்குறத வலதுன்னு எழுதி ஓட்டுனா படமும் பக்கம் மாறணும். லேபிள எல்லாம் கலைச்சு போட்டு ஓட்டுனா ரெண்டு கைக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் காணாம போகணும். அப்பவும் அழகா ஒரு பக்கம் மட்டும் தூக்கி நிக்குதுன்னா உங்க புரோகிராம்ல எங்கயோ ஓட்டை இருக்கு.

தட்டுற நேரம், ஓய்வு நேரம்

மெஷின் கெடைக்கிற எடத்துக்கு போறீங்கன்னு வச்சுக்கங்க, போறதுக்கு முன்னாடியே இத பேப்பர்ல எழுதி முடிச்சுட்டு போங்க. நான் ஆரம்பிக்கிறவங்களுக்கு சொல்றது 10 செகண்ட் தட்டுறது, பெறகு 20 செகண்ட் ஓய்வு, இடது பத்து தடவை வலது பத்து தடவை கலந்து. கணக்கு போட்டா மொத்தம் 600 செகண்ட், பத்து நிமிஷம், யாரும் சலிச்சுக்காம உக்காருவாங்க. ஓய்வு சரியா 20ன்னு வைக்காம 15ல இருந்து 25க்குள்ள மாத்தி மாத்தி வைங்க, ஏன்னா ஒரே சீரா வந்தா ஆளு முன்கூட்டியே கைய தயார் பண்ணிருவாரு, ஒடம்போட மெதுவான அலையும் அந்த தாளத்தோட சேந்து ஆட ஆரம்பிச்சிரும்.

இங்கதான் நெறைய பேர் யோசிக்காம 5 செகண்ட் வேலை 5 செகண்ட் ஓய்வுன்னு வச்சு நேரத்த மிச்சம் பண்றதா நெனக்கிறாங்க. பத்து செகண்டுக்கு ஒரு சுத்து, அதாவது 0.1 ஹெர்ட்ஸ். மேயர் அலை எங்க இருக்கு? அதுவும் 0.1 ஹெர்ட்ஸ்லதான். இனிமே எந்த ஃபில்டர் போட்டாலும் மூளையையும் ரத்த அழுத்தத்தையும் பிரிக்க முடியாது, டேட்டா எடுக்குறதுக்கு முன்னாடியே ஆராய்ச்சி முடிஞ்சு போச்சு. எதிர்பக்கமும் இதே கதைதான், ஒரு நிமிஷம் வேலை ஒரு நிமிஷம் ஓய்வுன்னு இழுத்தா 120 செகண்டுக்கு ஒரு சுத்து, சுமார் 0.008 ஹெர்ட்ஸ், டிரிஃப்ட், அதாவது சிக்னலோட ரொம்ப மெதுவான நகர்வ எடுக்க 0.01ல ஹைபாஸ், அதாவது அதுக்கு கீழ உள்ளத வெட்டுற ஃபில்டர் போட்ட ஒடனே உங்க வேலையும் சேந்து வெட்டுப்பட்டுரும். அதனால மொதல்ல உங்க வேலையோட சுத்து எத்தனை ஹெர்ட்ஸ்னு ஓரமா எழுதி வைங்க, பெறகு ஃபில்டர பத்தி பேசலாம்.

தட்டுற வேகம் ரெண்டு கைக்கும் ஒன்னா இருக்கணும், செகண்டுக்கு ரெண்டுன்னு மெட்ரோனோம் ஆப்ல வச்சுக்கங்க. வேகம் கூடுனா சிக்னலும் கூடும், வலது கை வேகமா இடது கை மெதுவா தட்டினா அப்புறம் வர்ற வித்தியாசம் மூளையோடதா வேகத்தோடதான்னு சொல்ல முடியாது. போன வச்சு கைய மட்டும் வீடியோ எடுத்து வைங்க. அதோட, டொக் டொக் சத்தத்த கேட்டுக்கிட்டு கைய அசைக்காம இருக்குற ஒரு நெலையும் சேத்துக்கங்க, ஏன்னா சத்தம் கேக்குறதும் ஸ்க்ரீன பாக்குறதும்கூட வேலைதானே, அத கழிச்சு பாத்தாதான் அசைவு மட்டும் மிஞ்சும்.

ஆளு வலதுகைக்காரரா இடதுகைக்காரரான்னு வெறும் வாய்ல கேக்காம, ஓல்ட்ஃபீல்ட் 1971ல போட்ட எடின்பரோ கேள்வித்தாள் இருக்கு, அத குடுங்க. நம்ம ஊர்ல இதுல ஒரு சிக்கல் இருக்கு. இடதுகைக்காரங்கள சின்ன வயசுலயே அதட்டி சாப்பிடுறதுக்கும் எழுதுறதுக்கும் வலது கைக்கு மாத்தி விட்டுருப்பாங்க, கேட்டா வலதுன்னுதான் சொல்லுவாங்க. பல் தேய்க்கிறது எந்த கை, பந்து எறியுறது எந்த கை, சின்ன வயசுல மாத்தி விட்டாங்களான்னு கேட்டு தனியா குறிச்சு வைங்க.

தலை, முடி, வெளிச்சம்

கேப் மாட்டுறதுக்கு தையல்காரர் இஞ்ச் டேப் ஒன்னு போதும். மூக்கும் நெத்தியும் சேர்ற பள்ளத்துல இருந்து பின்மண்டை மேடு வரைக்கும் அளந்து பாதி, ஒரு காதுக்கு முன்னாடி இருக்குற பள்ளத்துல இருந்து இன்னொரு காது வரைக்கும் அளந்து பாதி, ரெண்டும் வெட்டுற எடம் உச்சி, அதுதான் சிஇசட். அங்க இருந்து காது பக்கம் மொத்த அளவுல 20 சதவீதம் எறங்குனா இடது பக்கம் சி3, வலது பக்கம் சி4. காதுக்கு காது 35 சென்டிமீட்டர்னா 7 சென்டிமீட்டர் எறங்கணும். கையோட எடம் அதுக்கு அக்கம்பக்கத்துலதான், அதனால சோர்ஸையும் டிடெக்டரையும் சி3, சி4ஐ சுத்தி அடுக்குங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அடுக்கணும், இல்லேன்னா இடது வலது ஒப்பிடுறதுக்கே அர்த்தம் இல்ல.

முடிக்கு வர்றேன், இங்கதான் வெளிநாட்டு வழிகாட்டி எல்லாம் ரெண்டு வரியில தாண்டிருவாங்க, நமக்கு பாதி நாள் வேலையே இதுதான். கருப்பு முடி ஒளிய முழுங்கும், அடர்த்தியா இருந்தா இன்னும் முழுங்கும், அதுக்கு மேல சிஇசட் பக்கம் முடி அடர்த்தி நெத்தி மாதிரி இல்ல. முந்தின நாளே சொல்லிருங்க, தலைக்கு குளிச்சு நல்லா காய வச்சுட்டு வரணும், அன்னைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம், பூ, கிளிப், கொண்டை வேண்டாம், பின்னல் போட்டா கழுத்துக்கு கீழ தளர்வா போடணும்னு. கேப்ப மாட்டின பெறகு ஒவ்வொரு ஓட்டை வழியாவும் காது குடையுற பட்ஸ் மாதிரி ஒன்ன வச்சு முடிய ரெண்டு பக்கமும் ஒதுக்கி, தோல் தெரிஞ்ச பெறகு ஆப்டோட, அதாவது சோர்ஸையோ டிடெக்டரையோ எறக்குங்க. அவசரப்பட்டா போச்சு, ஒரு ஆளுக்கு அரைமணி நேரம் ஆனாலும் பரவாயில்ல. தோல் நிறமும் ஒளிய கொஞ்சம் முழுங்கும்தான். அதனால என்ன நடக்குதுன்னா முடி அடர்த்தியா இருக்குற பொம்பளப் புள்ளைங்க டேட்டா சரியில்லன்னு ஒதுக்கி ஒதுக்கி கடைசியில முடி கம்மியான ஆம்பளைங்க மட்டுமே ஆராய்ச்சியில மிஞ்சுறாங்க. இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். யார எதுக்காக ஒதுக்குனீங்கன்னு கட்டாயம் எழுதுங்க, ஒதுக்குறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை முடிய வகுந்து பாருங்க.

சரியா ஒட்டிருக்கான்னு எப்படி தெரியும்? சேனல்ல இதயத்துடிப்பு தெரியணும். துடிப்பு தெரியாத சேனல் தோலையே தொடல, அது மூளைய பத்தி என்ன சொல்லும்? கணக்கா பாக்கணும்னா 760ஐயும் 850ஐயும் 0.7ல இருந்து 1.5 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஃபில்டர் பண்ணி ரெண்டும் எந்த அளவு ஒன்னா ஆடுதுன்னு பாப்பாங்க, அதுக்கு ஸ்கால்ப் கப்ளிங் இண்டெக்ஸ்னு பேரு. ஒன்னுக்கு பக்கத்துல இருந்தா நல்லது, சிலர் 0.5க்கு கீழ தூக்கிருவாங்க, சிலர் 0.8 வரைக்கும் கண்டிப்பா இருப்பாங்க. எத வச்சாலும் டேட்டா பாக்குறதுக்கு முன்னாடி வைங்க, ரிசல்ட் பாத்துட்டு மாத்தக்கூடாது.

ரூம் வெளிச்சம் அடுத்தது. வெயில்ல அகச்சிவப்பு நெறைய இருக்கு, பழைய குண்டு பல்புலயும் இருக்கு. நம்ம பக்கத்து பெரிய வீடுகள்ல வளவுல உக்காந்து டேட்டா எடுக்கலாம்னு தோணும், காத்தோட்டமா, அமைதியா, கீழ ஆத்தங்குடி கல்லு குளுகுளுன்னு இருக்கும், ஆனா நடுவுல திறந்த முற்றத்துல வெயில் எறங்குது, ஒரு மேகம் கடந்து போனா டிடெக்டர்ல அது பதிவாகும். ரெண்டாங்கட்டுல ஜன்னல் சாத்தின ஒரு அறையா பாத்து, எல்இடி லைட் போட்டு, தலை மேல கருப்பு துணித்தொப்பி ஒன்னு மாட்டி விடுங்க. ஃபேன் நேரா மூஞ்சியில அடிக்காம இருக்கட்டும், ஏன்னா குளிர்ச்சி சூடு மாறுனா தோல்ல ஓடுற ரத்தமும் மாறும்.

உக்கார்றவங்ககிட்ட பேசுறது

மனுசங்கள வச்சு பண்றது எதுவா இருந்தாலும் எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வேணும், ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், 2017ல போட்ட வழிமுறைய ஒரு தடவை படிச்சிருங்க, மாணவர் பிராஜெக்ட்தானேன்னு விட்றாதீங்க. சம்மதப் படிவம் தமிழ்ல இருக்கணும், அதுவும் படிச்சா புரியுற தமிழ்ல. வயசானவங்க உக்காரும்போது அனேகமா வர்ற மொத கேள்வி, "ஏம்ப்பா, நான் மனசுல நெனக்கிறதெல்லாம் இதுல தெரிஞ்சு போயிருமா?" "இல்ல ஆச்சி, நீங்க கைய அசைக்கும்போது அந்த எடத்துல ரத்தம் எவ்வளவு ஓடுதுன்னு மட்டும்தான் தெரியும், நெனப்பு ஒன்னும் தெரியாது"ன்னு நிதானமா சொல்லுங்க. அடுத்து, தனக்கு ஏதும் நோய் இருக்கான்னு பாத்து சொல்ல சொல்லுவாங்க. இது அதுக்கான சோதனை இல்ல, எங்களுக்கு சொல்லவும் தெரியாதுன்னு தெளிவா சொல்லணும், அரைகுறையா ஏதாவது சொல்லி அவங்கள பயமுறுத்தவும் கூடாது, நல்லா இருக்குன்னு சொல்லி தைரியம் குடுக்கவும் கூடாது.

தட்டும்போது தலைய ஆட்டக்கூடாது, பேசக்கூடாது, பல்ல கடிக்கக்கூடாது. பல்ல கடிச்சா நெத்திப்பொட்டு பக்கம் தசை இறுகி கேப்பையே நகத்தும். முக்கியமா மூச்ச பிடிக்கக்கூடாது, கவனமா செய்யணும்னு நெனக்கிறவங்க அறியாமலே மூச்ச அடக்குவாங்க, அப்ப ரத்தத்துல கார்பன் டையாக்சைடு கூடி மூளை முழுக்க ரத்தம் பாயும், உங்களுக்கு எல்லா சேனலும் எகிறும். ரெண்டு நிமிஷம் சும்மா பழக விட்டு, மூச்ச கவனிச்சு பாத்துட்டு பெறகு ரெக்கார்ட் பண்ணுங்க.

கணக்கு போடுற வரிசை

ஒளி அளவ ஆப்டிகல் டென்சிட்டியா, அதாவது ஒளி எவ்வளவு கொறைஞ்சதுங்குற அளவா மாத்துறது, கெட்ட சேனல தூக்குறது, அசைவால வந்த முள்ளையும் திடீர் படிக்கட்டையும் சரி பண்றது, அதுக்கு எம்என்இல டிடிடிஆர்னு ஒரு முறை இருக்கு நல்லாவே வேலை செய்யும், அப்புறம் பியர்-லாம்பர்ட் போட்டு ஹீமோகுளோபினா மாத்துறது, ஃபில்டர், கடைசியா ஒவ்வொரு தட்டலையும் வெட்டி எடுத்து சராசரி போடுறது இல்லேன்னா ஜிஎல்எம், அதாவது எதிர்பாக்குற அலைய டேட்டாவோட பொருத்தி பாக்குற மாடல். சராசரி படத்துல இருந்து ஆரம்பிங்க, கண்ணுக்கு புரியும். ஜிஎல்எம்க்கு போகும்போது ஒன்னு ஞாபகம் வைங்க, இந்த சிக்னல்ல பக்கத்து பக்கத்து புள்ளி எல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டியே போகும், அத கணக்குல எடுக்காத மாடல் போட்டா இல்லாதத இருக்குன்னு காட்டும், அதனால ஆட்டோரெக்ரெஸிவ் நாய்ஸ் மாடல்தான் போடணும்.

ஆனா இந்த வரிசையெல்லாம் ரெண்டு வாரத்துல வந்துரும், வராதது இனிமே சொல்றதுதான். ஒளி மூளைக்கு போறதுக்கு முன்னாடி தோல் வழியா போகுது, திரும்பவும் தோல் வழியாதான் வெளிய வருது. விரல் தட்டுறதே ஒரு சின்ன உடற்பயிற்சி, இதயம் கொஞ்சம் வேகமாகும், அழுத்தம் லேசா ஏறும், தோல்ல ரத்தம் கூடும், அது தட்டுற நேரத்தோட கச்சிதமா பொருந்தி வர்றதால அச்சு அசலா மூளை சிக்னல் மாதிரியே நிக்கும். இதுக்குத்தான் ஷார்ட் சேனல் வைக்கிறது, சோர்ஸுக்கும் டிடெக்டருக்கும் நடுவுல சுமார் 8 மில்லிமீட்டர் மட்டும், அந்த ஒளி தோலோட திரும்பிரும், மூளைய தொடாது. அந்த சிக்னல மாடல்ல சேத்து கழிச்சா தோலோட பங்கு போகும். பொது டேட்டாவுல ஷார்ட் சேனல் இருக்கு, போட்டு ஒரு தடவை, போடாம ஒரு தடவை ஓட்டி ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, நான் எவ்வளவு எழுதினாலும் அந்த ரெண்டு படம் சொல்ற அளவுக்கு சொல்ல முடியாது.

ஆக, படத்த பாக்கும்போது நாலு கேள்வி கேளுங்க. ஆக்சிஜன் உள்ளது ஏறும்போது இல்லாதது எறங்குதா, இல்ல ரெண்டும் சேந்து ஏறுதா? சேந்து ஏறுனா தோல் இல்லேன்னா அசைவுன்னு மொதல்ல சந்தேகப்படுங்க. ஏத்தம் அஞ்சாறு செகண்ட் கழிச்சு வருதா, இல்ல தட்டின ஒடனேயே எகிறுதா? ஒடனே எகிறுனா அது அசைவு. சி3, சி4 பக்கம் மட்டும் பெருசா இருக்கா, இல்ல தலை முழுக்க ஒரே அளவா? கைய மாத்துனா பக்கம் மாறுதா? கடைசி கேள்விக்கு ஒரு சின்ன திருத்தம், முழுசா மாறணும்னு எதிர்பாக்காதீங்க, அதே பக்கத்து மூளையும் கொஞ்சம் வேலை செய்யும், அதுவும் பழக்கமில்லாத கையால தட்டும்போது ரெண்டு பக்கமும் எழும்புறது சகஜம். எதிர்பக்கம் கூடுதலா இருக்கான்னுதான் பாக்கணும். ஒரே ஒரு ஆளுக்கு படம் வரலேன்னா மனசு ஒடியாதீங்க, ஆளுக்கு ஆள் மண்டையோட்டு கனமும் முடியும் வேற. பத்து பேர்ல பெரும்பாலானவங்களுக்கு வரணும்.

ஆக்சிஜன் உள்ள ஹீமோகுளோபின் படம் பெருசா அழகா இருக்குறதால அத மட்டும் போட்டு இன்னொன்ன மறைக்கிற பழக்கம் இருக்கு, தயவு செஞ்சு அத பண்ணாதீங்க. ரெண்டையும் போடுங்க.

அடுத்து எங்க போறது

விரல் தட்டுறது சுத்தமா வந்துருச்சுன்னா அடுத்து கால் விரல அசைச்சு பாப்போம்னு தோணும். பென்ஃபீல்ட் வரைபடத்த எடுத்து பாருங்க, காலோட எடம் உச்சிக்கு நேர் கீழ, ரெண்டு பாதி மூளையும் ஒன்ன ஒன்னு பாத்துக்கிட்டு இருக்குற உள்பக்கத்துல எறங்கி போகுது. ஒளி அங்க சரியா போய் சேராது. அதனால கால் சிக்னல் வரலேன்னா அதிர்ச்சி ஆகாதீங்க, ஏன் வரலேன்னு சொல்ல தெரிஞ்சா அதுவே நல்ல பாடம். அதுக்கு பதில் ஒரு பந்த அழுத்துறது, வேகத்த மாத்தி மாத்தி தட்டுறது, கைய அசைக்காம அசைக்கிற மாதிரி நெனச்சு மட்டும் பாக்குறது, இப்படி ஒரே எடத்துல இருந்துகிட்டே ஒன்னொன்னா மாத்துங்க. நெனச்சு பாக்குறதுல சிக்னல் சின்னதா வரும், கை உண்மையிலேயே அசையலேன்னு வீடியோ பாத்து உறுதி பண்ணனும்.

நம்ம பக்கத்து கை வேலைகள வச்சு பண்ணனும்னு ஆசைப்படுறவங்களுக்கு, அந்த ஆசை எனக்கும் இருக்கு. கண்டாங்கி நெய்யுற கை, ஓலைக்கொட்டான் முடையுற கை, அச்சுக்குள்ள கலர் சிமெண்ட் ஊத்துற ஆத்தங்குடி கை, இதெல்லாம் வெளிநாட்டு லேப்ல கெடைக்குமா? ஆனா வரிசையா போகணும். கோலம் போடும்போது தலை குனியும், தலை குனிஞ்சாலே தலைக்கு ரத்தம் எறங்கி சிக்னல் மொத்தமா நகரும், அது மூளை வேலையே இல்ல. அதனால மேசை மேல தாள் வச்சு, நிமிந்து உக்காந்து, விரலால புள்ளிய சுத்தி இழுக்குற மாதிரி மாத்திக்கணும். பல்லாங்குழியில சோழி போடுறது கை வேலை, ஆனா எண்ணுறதும் அடுத்த குழிய கணக்கு பண்றதும் சேந்தே நடக்குது, அதனால எண்ணாம வெறுமனே குழிக்கு குழி சோழி போடுறது ஒரு நெலை, உண்மையா வெளையாடுறது இன்னொரு நெலைன்னு பிரிச்சு வைக்கணும். முப்பது வருசம் கொட்டான் முடைஞ்ச அம்மாவையும் காலேஜ் புள்ளையையும் ஒப்பிடுறீங்கன்னா வயசு, முடி, ரத்த அழுத்தம் எல்லாமே வேறயா இருக்கும், அதே வயசுல அந்த வேலை தெரியாதவங்கள தேடி கொண்டு வரணும். அதோட அவங்க எல்லாரும் மொதல்ல சாதாரண விரல் தட்டலையும் பண்ணனும், அதுல சிக்னல் வந்தவங்களோட முடையுற டேட்டாவத்தான் நம்பி பேச முடியும்.

இன்னொரு திசையும் இருக்கு. 1995ல பாரத் பிஸ்வால் எஃப்எம்ஆர்ஐல விரல் தட்ட வச்சு கை எடத்த கண்டுபிடிச்சாரு, அப்புறம் அதே ஆளு ஒன்னும் செய்யாம சும்மா படுத்திருக்கும்போது எடுத்த டேட்டாவுல அந்த எடத்தோட மெதுவான ஏத்த எறக்கத்த பாத்தாரு, இடது பக்க கை எடமும் வலது பக்க கை எடமும் சும்மா இருக்கும்போதும் ஒன்னா ஏறி எறங்குது. எல்லாரும் நாய்ஸ்னு தள்ளின எடத்துல இருந்து ஓய்வுநிலை மூளை ஆராய்ச்சின்னு ஒரு துறையே வளந்துச்சு. அதனால உங்க பதிவோட ஆரம்பத்துல அஞ்சு நிமிஷம் கண்ண தொறந்து சும்மா உக்கார வச்சு ரெக்கார்ட் பண்ணிருங்க, செலவு ஒன்னும் இல்ல, விரல் தட்டல வச்சு எடத்த குறிச்ச பெறகு நீங்களும் அதையே செஞ்சு பாக்கலாம்.

டேட்டாவ எஃப்நிர்ஸுக்குன்னே இருக்குற ஸ்னிர்ஃப் ஃபார்மேட்ல சேமிங்க, பெரும்பாலான எஃப்நிர்ஸ் மென்பொருள்ல தொறக்கும், ஆளோட பேர் ஃபைல் பேர்ல இருக்கக்கூடாது. கேப் அளவு, தலை சுற்றளவு, முடி எப்படி இருந்துச்சு, கேப் மாட்ட எத்தனை நிமிஷம் ஆச்சு, எந்த தட்டல்ல தும்முனாங்க, எல்லாத்தையும் ஒரு நோட்டுல கையால எழுதி வைங்க. முடிஞ்சா அதே ஆள ஒரு வாரம் கழிச்சு திரும்ப கூப்பிட்டு கேப்ப புதுசா அளந்து மாட்டி இன்னொரு தடவை எடுங்க. ரெண்டு படமும் ஒரே எடத்த காட்டுதான்னு பாத்துட்டு, அதுக்கப்புறம் உங்க தியான தலைப்ப எடுத்துட்டு வாங்க, உக்காந்து பேசுவோம்.